பீனால் வேலையில் ஏதாவது சிக்கலா? அறிகுறியைப் பார்த்து உடனே செய்ய வேண்டியவை

பிளைவுட் ரெசின் யூனிட், லேமினேட் கம்பெனி, ஷெல் மோல்டிங் மணல் தயாரிக்கும் இடம், மருந்துக் கம்பெனி, கல்லூரி ஆய்வகம் என்று பீனால் என்ற அரிக்கும் நச்சு ரசாயனம் புழங்கும் எல்லாருக்காகவும் இதை எழுதுகிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். யார் மேலாவது பட்டிருந்தால் முதல் தலைப்பு. மற்றதெல்லாம் அப்புறம்.

எந்தத் தலைப்புக்குப் போனாலும் ஒன்றை மனதில் வையுங்கள்: பீனால் விஷயத்தில் வலியை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. சல்பூரிக் அமிலம் பட்டால் ஆள் கத்திக்கொண்டு தண்ணீரைத் தேடி ஓடுவார். பீனால் பட்டவர் கையைத் துடைத்துக்கொண்டு "ஒண்ணும் இல்லைண்ணே, லேசா மரத்த மாதிரி இருக்கு" என்பார். அவர் அப்படிச் சொல்லும் நேரத்திலேயே அது ரத்தத்தில் கலந்துகொண்டிருக்கும். அதன் வாசனை கறுப்பு பினாயிலைப் போலவே இருப்பதால், வீட்டில் தரை துடைக்கும் பொருளாக நினைத்துச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிற பழக்கமும் நம் ஊரில் இருக்கிறது. கறுப்பு பினாயிலில் உள்ள தார் அமிலங்கள் பீனாலின் உறவுதான், ஆனால் பாட்டிலில் இருப்பது நீர்த்த சரக்கு. டிரம்மில் வருவது கிட்டத்தட்ட முழுப் பீனால்.

தோலில் பட்டது, வெள்ளையாகிவிட்டது, ஆனால் வலிக்கவில்லை

ஆபத்தான அறிகுறி இதுதான். பீனால் தோலின் புரதத்தைத் திரித்துவிடும், அதனால் பட்ட இடம் வெளுத்துச் சுருங்கும், பிறகு பழுப்பாகும். அதோடு நரம்பு நுனிகளையும் மரத்துப்போகச் செய்யும். முதலில் குறுகுறுப்போ லேசான எரிச்சலோ இருக்கும், அதற்குப் பிறகு உணர்வே இருக்காது. உணர்வு போய்விட்டதைச் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடர்வதுதான் ஆளைக் கொல்கிறது. வயிறு, தொடை என்று பரவலாகத் தெறித்தவர்கள் சில நிமிடங்களிலிருந்து அரை மணி நேரத்துக்குள் நினைவிழந்து இறந்த நேர்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

முதலில் துணியைக் கழற்றுங்கள். சட்டை, பேன்ட், உள்ளாடை, சாக்ஸ், ஷூ, வாட்ச், பெல்ட், இடுப்புக் கயிறு எல்லாமே. கூச்சத்துக்கு இங்கே இடமில்லை, பெண்கள் என்றால் பெண் ஊழியரை வைத்து உடனே மறைப்புக் கட்டிச் செய்யுங்கள், ஆனால் தாமதிக்காதீர்கள். ஈரத் துணி உடம்பில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் பீனால் உள்ளே போய்க்கொண்டிருக்கும். பனியனைத் தலை வழியாக உருவினால் முகத்திலும் கண்ணிலும் படும், கத்தரித்து எடுங்கள். உதவி செய்பவர் கையுறை போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும், இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேர் போக வேண்டியிருக்கும்.

அடுத்தது பாலிஎத்திலீன் கிளைக்கால். 300 அல்லது 400 என்று எண் போட்டு வரும், நிறமில்லாமல் கிளிசரின் போலப் பிசுபிசுப்பாக இருக்கும். பீனால் பயன்படுத்தும் இடத்தில் இது கை எட்டும் தூரத்தில், பூட்டுப் போடாமல், அரை லிட்டர் பாட்டில்களில் பஞ்சோடு இருக்க வேண்டும். பஞ்சில் தாராளமாக நனைத்து, பட்ட இடத்தைத் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுங்கள். ஒரு முறை ஒற்றிய பஞ்சை மறுபடி வைக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் புதுப் பஞ்சு. பீனால் வாசனை போகும் வரை இதைத் தொடருங்கள், கால் மணி நேரத்துக்குக் குறையாமல். பன்றித் தோலில் செய்த சோதனைகளில் இந்த 400 எண் திரவமும் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் நன்றாக வேலை செய்தன. ஆனால் ஆல்கஹால் தீப்பிடிக்கும், ஆகவே ரெசின் பிளான்ட்டில் நான் கிளைக்காலைத்தான் வைக்கச் சொல்வேன்.

கிளைக்கால் இல்லையா? தேடிக்கொண்டு நிற்காதீர்கள், சேஃப்டி ஷவருக்குக் கீழே நிறுத்துங்கள். பீனாலுக்குத் தண்ணீரே ஊற்றக் கூடாது என்று சிலர் சொல்வது அரைகுறையாகக் கேட்டது. கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினால், ஈரத் துணியால் துடைத்தால், பீனால் நீர்த்து இன்னும் பெரிய பரப்பில் பரவி அதிகமாக உள்ளே போகும், அது உண்மை. கொட்டுகிற அருவியாக நிறையத் தண்ணீர் ஊற்றினால் அது பீனாலை அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே ஒரு சொம்புத் தண்ணீர் கூடாது, ஷவரை முழுசாகத் திறந்து குறைந்தது கால் மணி நேரம் நிற்க வைக்க வேண்டும், அதற்குள் யாராவது கிளைக்கால் கொண்டுவந்தால் அதற்கு மாறலாம். முடியில் பட்டிருந்தால் ஆளைக் குனிய வைத்து, தண்ணீர் முகத்தில் வழியாதபடி அலசுங்கள்.

காஸ்டிக், சுண்ணாம்பு, சோடா உப்பு போட்டு நடுநிலையாக்கப் பார்க்காதீர்கள். களிம்பு, எண்ணெய், பற்பசை எதுவும் தடவக் கூடாது. கட்டுப் போடவும் கூடாது, மூடிக் கட்டினால் மிச்சம் இருக்கும் பீனால் அடியில் ஊறிக்கொண்டே இருக்கும்.

இதைச் செய்துகொண்டிருக்கும்போதே ஒருவர் 108-க்குப் போன் செய்யட்டும். உள்ளங்கையைவிடப் பெரிய பரப்பில் பட்டிருந்தால் ஆள் எவ்வளவு தெளிவாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். ஆம்புலன்ஸில் போகும்போதும் ஒற்றுவது தொடரட்டும். பொருளின் பாதுகாப்புத் தாளை, அதுதான் எம்.எஸ்.டி.எஸ். என்று நாம் சொல்வது, கையோடு கொடுத்தனுப்புங்கள். அவசரப் பிரிவில் இருக்கும் டாக்டர் பீனால் நேர்வை முன்பு பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை.

கழற்றிய துணியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைக்க விடாதீர்கள். தோல் ஷூ, தோல் பெல்ட், தோல் வாட்ச் பட்டை இவற்றில் பட்ட பீனாலை எந்தக் கழுவலும் எடுக்காது, அடுத்த நாள் போட்டால் அதே இடத்தில் மறுபடி சுடும். கிழித்து அபாயக் கழிவில் போடுங்கள். அந்த ஷூவுக்குப் பதில் புது ஷூ வாங்கித் தருவது நிர்வாகத்தின் பொறுப்பு, தொழிலாளி தன் காசு போகிறதே என்று பழைய ஷூவை எடுத்து ஒளித்து வைக்கும் நிலைமையை உண்டாக்காதீர்கள்.

கண்ணில் தெறித்தது

இங்கே தண்ணீர் மட்டும்தான். கிளைக்காலைக் கண்ணுக்குள் விடக் கூடாது. இமையை விரலால் பிரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம், மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் ஓட வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் எடுத்துவிடுங்கள். கண்ணும் மரத்துப்போகும், அதனால் "இப்போ பரவாயில்லை" என்று சீக்கிரமே நிறுத்தச் சொல்வார்கள். நேரம் முடியும் வரை நிறுத்தாதீர்கள். கண் டாக்டர் அன்றே பார்க்க வேண்டும்.

பட்டுக் கொஞ்ச நேரமாகிறது, இப்போது தலை சுற்றுகிறது, வியர்க்கிறது

உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். தலைவலி, காதில் இரைச்சல், குமட்டல், குளிர்ந்த வியர்வை, முகம் வெளுத்துப்போவது, பதற்றம், பிறகு சோர்வு. வலிப்பு வரலாம், ரத்த அழுத்தம் இறங்கலாம், இதயத் துடிப்பு ஒழுங்கு தவறலாம். உதடும் நகமும் நீலம் பாய்ந்தால் ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனே கெட்டிருக்கக் கூடும். இதற்கெல்லாம் முதலுதவிப் பெட்டியில் மருந்து கிடையாது, மாற்று மருந்து என்று தனியாக ஒன்றும் இல்லை. படுக்க வையுங்கள், ஆக்சிஜன் இருந்தால், கொடுக்கத் தெரிந்த ஆள் இருந்தால் கொடுங்கள், மூச்சைக் கவனியுங்கள். தோலைச் சுத்தம் செய்வது நின்றுவிட்டிருந்தால் அதை மறுபடி தொடங்குங்கள், உள்ளே போவதை நிறுத்துவதுதான் நம் கையில் இருக்கும் ஒரே வழி. நீங்கள் அனுப்பும் ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பைத் தொடர்ந்து கண்காணிக்க வசதி இருக்கிறதா என்பதை முன்கூட்டியே விசாரித்து வைத்திருங்கள்.

சிறுநீர் கறுப்பாக அல்லது கரும்பச்சையாகப் போகிறது

வெட்கப்பட்டு மறைக்கிற அறிகுறி இது. உடம்பு பீனாலை மாற்றி வெளியேற்றும்போது உருவாகும் பொருட்கள் காற்றுப் பட்டுக் கறுக்கும். வெயில் காலத்தில் தண்ணீர் குடிக்காததால் அடர்மஞ்சளாகப் போவது வேறு. இது புகை கலந்த நிறம், நேரம் ஆக ஆக இன்னும் கறுக்கும். தெறித்த சம்பவத்துக்குப் பிறகு இப்படி ஆனால் சிறுநீரகத்தையும் ரத்தத்தையும் அன்றே பார்க்க வேண்டும்.

சம்பவமே இல்லாமல் இப்படிப் போகிறது, கூடவே பசியில்லை, எடை குறைகிறது, அடிக்கடி தலைவலி என்றால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது. ஷிஃப்ட் முடியும் நேரத்தில் சிறுநீரில் பீனால் அளவு பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 250 மில்லிகிராம் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிபுணர்கள் அமைப்பு வைத்திருக்கும் வழிகாட்டு அளவு. அதற்கு மேல் போனால் ஆளை மட்டும் வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டுக் கோப்பை மூடாதீர்கள், அவர் நின்ற இடத்துக்கு அடுத்து வருபவருக்கும் அதேதான் நடக்கும்.

வாயில் போய்விட்டது

ஆய்வகத்தில் பிப்பெட்டை வாயால் உறிஞ்சும் கெட்ட பழக்கம், குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பது, இரண்டும்தான் பெரும்பாலும் காரணம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர், விரலை விட்டுக் குடைவது எதுவும் வேண்டாம், இறங்கும்போது சுட்ட தொண்டையை ஏறும்போதும் சுடும், நுரையீரலுக்குள்ளும் போகும். வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், நேராக ஆஸ்பத்திரி. ஒரு கிராம் அளவே உயிரைப் பறித்த நேர்வு உண்டு, ஆகவே "ஒரு வாய்தானே" என்று காத்திருக்க வேண்டாம்.

கையுறை ஊறிப்போய் ஒட்டுகிறது, அல்லது உள்ளே ஈரமாகத் தெரிகிறது

உடனே கழற்றி, கையை முதல் தலைப்பில் சொன்னபடி கவனியுங்கள். மருத்துவமனையில் போடும் மெல்லிய லேடெக்ஸ், நைட்ரைல் கையுறை பீனாலுக்குத் தாங்காது. உருகிய பீனாலுக்கும் அடர்ந்த கரைசலுக்கும் ப்யூட்டைல் ரப்பர் அல்லது நியோபிரீன், தடிமனானது, முழங்கை வரை வருவது. கூடவே முகக் கவசம், ரசாயனக் கண்ணாடி, ஏப்ரன், ரப்பர் பூட்ஸ். பேன்ட்டின் காலை பூட்ஸுக்கு வெளியே விடுங்கள், உள்ளே செருகினால் வழிந்தது நேராகக் காலுக்குள் போய்த் தேங்கும்.

டி.என்.ஏ. பிரித்தெடுக்கும் ஆய்வகங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே பீனாலோடு குளோரோஃபார்மும் சேர்ந்திருக்கிறது. குளோரோஃபார்ம் மெல்லிய நைட்ரைலைச் சில நிமிடங்களிலேயே கடந்துவிடும், பீனாலையும் கூடவே கூட்டிக்கொண்டு போகும். ப்யூட்டைல் ரப்பரும் குளோரோஃபார்முக்குச் சரிவராது. அடுக்குப் படலக் கையுறையை (பல பிளாஸ்டிக் படலங்களை ஒட்டிச் செய்தது) உள்ளே போட்டு மேலே நைட்ரைல் போடலாம். அது கிடைக்காத இடத்தில் இரண்டு நைட்ரைல் போட்டு, ஒரு துளி பட்டாலும் அந்த நொடியே மேல் கையுறையைக் கழற்றி எறிய வேண்டும். ட்யூப் மங்கலாகிறது, விரிசல் விடுகிறது என்றால் பாலிஸ்டைரீன் அல்லது பாலிகார்பனேட் ட்யூபில் ஊற்றியிருக்கிறீர்கள், பாலிபுரோப்பிலீனுக்கு மாறுங்கள். வோர்டெக்ஸில் (ட்யூபை அதிரவைத்துக் கலக்கும் கருவி) வைக்கும் முன் மூடியை ஒரு முறை அழுத்திப் பாருங்கள், முகத்தில் தெறிப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

வாசனை வருகிறது. அல்லது வந்துகொண்டிருந்த வாசனை நின்றுவிட்டது

மனித மூக்கு காற்றில் சுமார் 0.05 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு) அளவிலேயே பீனாலைக் கண்டுபிடித்துவிடும். எட்டு மணி நேர வேலைக்கான வரம்பு 5 பிபிஎம். அதாவது வரம்புக்கு நூறு மடங்கு கீழேயே வாசனை வந்துவிடும், ஆகவே வாசனை வந்தவுடன் ஓட வேண்டியதில்லை, ஆனால் எங்கிருந்து வருகிறது என்று கண்டிப்பாகத் தேட வேண்டும்: பம்ப் சீல், ஃபிளாஞ்ச் கேஸ்கெட், டேங்க் வென்ட், சாம்பிள் எடுக்கும் குழாய். சிக்கல் இரண்டாவது நிலையில்தான். மூக்கு சீக்கிரம் பழகிவிடும், ஷிஃப்டில் பாதி நேரம் போனவுடன் வாசனையே தெரியாது. வெளியிலிருந்து புதிதாக வருகிற ஒருவர் "என்னங்க இப்படி நாறுது" என்றால் அவர் பேச்சை நம்புங்கள்.

கண் எரிந்து தொண்டை கரகரத்தால் அளவு கூடியிருக்கிறது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் குறைந்த அளவுக்குத்தான். 250 பிபிஎம் என்பது உயிருக்கு உடனடி ஆபத்து என்று குறிக்கப்பட்ட அளவு. அவ்வளவு இருக்கலாம் என்று தோன்றும் இடத்துக்குள்ளும் மூடிய தொட்டிக்குள்ளும் தனிக் காற்று வரும் கருவியோடுதான் போக வேண்டும். பீனால் ஆவி தோல் வழியாகவும் உள்ளே போகும், மாஸ்க் போட்டுக்கொண்டு பனியனோடு நிற்பது பாதிப் பாதுகாப்புதான்.

டிரம்மில் கட்டியாகிவிட்டது, வரவில்லை

இது கோளாறே இல்லை. தூய பீனால் 40.5 டிகிரி செல்சியஸில்தான் உருகும். மார்கழியில் பாறையாக இருக்கும், அக்கினி நட்சத்திரத்தில் தகரக் கூரை குடோனுக்குள் தானாகவே இளகி, மூடி சரியில்லாத டிரம்மிலிருந்து கசியவும் செய்யும். கோடையில் டிரம்மைப் படுக்க வைத்து அடுக்காதீர்கள்.

உருக்க வெந்நீர்த் தொட்டி அல்லது ஸ்டீம் சூட்டு அறை, 50 முதல் 60 டிகிரி, அவ்வளவுதான். ஒரு முழு டிரம் உருகப் பல மணி நேரம் ஆகும், பொறுமை வேண்டும். வெல்டிங் டார்ச், விறகு அடுப்பு, கேஸ் பர்னர் எதுவும் கிட்டே வரக் கூடாது, இதன் ஆவி 79 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும். உருகும்போது பீனால் விரியும், ஆகவே மூடியைத் தளர்த்திவிட்டுத்தான் சூடேற்ற வேண்டும். தளர்த்தும்போது முகத்தை விலக்கி, முழுக் கவசத்தோடு. கடப்பாரை வைத்துக் குத்தி உடைக்காதீர்கள், தெறிக்கும் சில்லுகள் சட்டைக்குள் போய் உடம்புச் சூட்டிலேயே இளகும், வலிக்காததால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

ரோஸ் நிறமாகிவிட்டது

காற்று, வெளிச்சம், துளி இரும்பு, இவற்றால் ஆக்சிஜனேற்றம் நடந்திருக்கிறது. ஆபத்து கூடவும் இல்லை குறையவும் இல்லை, அதே கவனம்தான். ரெசினுக்கு லேசான ரோஸ் பெரும்பாலும் பரவாயில்லை. டி.என்.ஏ. வேலைக்கு வேண்டாம், கழிவில் போடுங்கள். அடிக்கடி இப்படி ஆனால் டேங்கில் நைட்ரஜன் போர்வை (காற்று படாமல் இருக்க மேலே நிரப்பும் நைட்ரஜன்) சரியாக இருக்கிறதா, எங்காவது மைல்ட் ஸ்டீல் பாகம் மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். சூடான பீனால் அலுமினியம், துத்தநாகம், ஈயம் இவற்றை அரிக்கும், ஆகவே அலுமினிய வாளியும் கால்வனைஸ்டு புனலும் இந்தப் பிரிவுக்குள் இருக்கவே கூடாது.

தண்ணீரில் கலந்திருந்தது, காலையில் இரண்டு அடுக்காக நிற்கிறது

சுமார் 68 டிகிரிக்கு மேல் பீனாலும் தண்ணீரும் எந்த விகிதத்திலும் கலக்கும், ஆறினால் பிரியும். கீழே இருப்பது பீனால் அடுக்கு, மேலே தண்ணீர் அடுக்கு. மேலே இருப்பது வெறும் தண்ணீர் என்று நினைத்து வடித்து ஊற்றுபவர்கள் உண்டு. அறை வெப்பத்தில் அந்த மேல் அடுக்கிலேயே ஏறக்குறைய 8 சதவீதம் பீனால் இருக்கும், தோலைச் சுட அது போதும். சாம்பிள் எடுப்பதாக இருந்தால் சூடேற்றிக் கலக்கிய பிறகுதான்.

பைப் அடைத்துக்கொண்டது

டிரேஸிங், அதாவது குழாயைச் சூடாக வைத்திருக்கும் ஏற்பாடு, நின்றுவிட்டது அல்லது ஒரு வால்வின் உடம்பு மட்டும் காப்பு இல்லாமல் திறந்திருக்கிறது, பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. இங்கே அவசரம் கூடவே கூடாது. இரண்டு பக்கமும் கட்டியாக இருக்க நடுவில் சூடு வைத்தால், உருகி விரியும் பீனாலுக்குப் போக இடம் இல்லாமல் கேஸ்கெட்டோ குழாயோ வெடித்துக் கொட்டும். டேங்கோடு திறந்திருக்கும் முனையிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அடைப்பை நோக்கி நகருங்கள். காற்றழுத்தம் கொடுத்துத் தள்ளிப் பார்ப்பது இன்னும் மோசம். ஃபிளாஞ்ச் பிரிக்க வேண்டி வந்தால், உங்களுக்கு எதிர்ப்பக்கம், கீழே இருக்கும் போல்ட்டை முதலில் தளர்த்துங்கள், உள்ளே அழுத்தம் இருந்தால் அது உங்கள் முகத்துக்கு வராமல் அந்தப் பக்கம் போகும். அடைப்பு என்று நினைத்துத் திறந்த குழாயில் அழுத்தத்தோடு திரவம் காத்திருக்கும் என்று எண்ணியே உடுத்திக்கொண்டு போங்கள்.

ஸ்டீமை மூடிவிட்டேன், ரியாக்டர் வெப்பம் இன்னும் ஏறுகிறது

பீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேரும் வினை தானாகவே வெப்பம் விடும். வெப்பம் ஏறினால் வேகம் கூடும், வேகம் கூடினால் இன்னும் வெப்பம். குளிரூட்டல் அதைத் தாண்டி இழுக்க முடிகிற வரைதான் வினை நம் கையில். பெரிய கெட்டிலில் (ரெசின் ரியாக்டரைத்தான் இப்படிச் சொல்வோம்) கொள்ளளவு கூடுகிற அளவுக்குக் குளிரூட்டும் பரப்பு கூடுவதில்லை, அதனால் சின்ன கெட்டிலில் அடக்கமாக ஓடிய செய்முறை பெரிய கெட்டிலில் அடங்காமல் போகும்.

1997 செப்டம்பர் 10-ஆம் தேதி அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் 8,000 கேலன் ரெசின் கெட்டில் ஒன்று வெடித்தது. ஒரு தொழிலாளி இறந்தார், நால்வர் காயமடைந்தனர். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டிய மூலப்பொருளையும் வினையூக்கியையும் மொத்தமாகப் போட்டுவிட்டு மேலே ஸ்டீமும் கொடுத்ததுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அது அபூர்வமான தவறு இல்லை. ஷிஃப்ட் முடிவதற்குள் பேட்ச்சை முடிக்கச் சொல்லி நெருக்கினால் எந்த ஊரிலும் ஒருவர் அதைச் செய்வார்.

வெப்பம் ஏறுவது தெரிந்தவுடன்: ஸ்டீம் முழுவதும் மூடியிருக்கிறதா என்று வால்வில் உறுதி செய்யுங்கள், ஃபார்மால்டிஹைடு வருவதை நிறுத்துங்கள், ஜாக்கெட்டிலும் கண்டென்சரிலும் குளிர்நீர் முழு வேகத்தில். உங்கள் செய்முறையில் அவசரக் குளிர்விப்பு நீர் விடுவது எழுதியிருந்தால் அதை எழுதியபடி, எழுதிய வெப்பநிலைக்குள் செய்யுங்கள். அழுத்தமும் சேர்ந்து ஏறினால் எல்லாரையும் வெளியே அனுப்புங்கள். மேன்ஹோலைத் திறந்து எட்டிப் பார்க்கவே கூடாது.

கிளறி நின்றுபோய்ச் சேர்ப்பது மட்டும் தொடர்ந்திருந்தால் அது தனி ஆபத்து. உள்ளே வினைபுரியாத பொருள் அடுக்கடுக்காக நிற்கும், சட்டென்று கிளறியை ஓட்டினால் எல்லாம் ஒரே நேரத்தில் வினைபுரியும். ஆகவே கிளறி நின்றால் சேர்ப்பது தானாக நிற்கும்படி இன்டர்லாக் இருக்க வேண்டும். அதை பைபாஸ் செய்து ஓட்டுகிற இடத்தில் வேலை செய்கிறீர்கள் என்றால் அடுத்த பேட்ச்சுக்கு முன் அதைச் சரிசெய்யச் சொல்லி எழுத்தில் கொடுங்கள்.

தரையில் கொட்டிவிட்டது

உருகிய பீனால் கொட்டினால், அருகில் உள்ளவர்களை விலக்கி, தீப்பொறி வரும் எதையும் நிறுத்தி, மணலால் வரப்புக் கட்டி ஆறவிடுங்கள். கட்டியானதும் அள்ளுவது எளிது. கரைசலாக இருந்தால் மணல் அல்லது காய்ந்த மண் போட்டு உறிஞ்சி, மூடியுள்ள டிரம்மில் அள்ளுங்கள். ஹோஸ் பைப்பைத் திருப்பிச் சாக்கடைக்குத் தள்ளுவதுதான் எல்லாருடைய கையும் முதலில் போகிற இடம், அதைத் தடுக்க ஒருவரை அங்கேயே நிறுத்துங்கள்.

பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள். நம் ஊரில் நாறினாலே பிளீச்சிங் பவுடர்தான், ஆனால் அது பீனாலோடு கடுமையாக வினைபுரிந்து சூடேறி எரிச்சல் வாயு விடும், குளோரோபீனால்களும் உருவாகும். நைட்ரிக் அமிலம், பெர்மாங்கனேட், பெராக்சைடு போன்றவையும் கூடாது. ஆர்.என்.ஏ. எடுக்கப் பயன்படும் பீனால், குவானிடின் கலவைக் கழிவிலும் பிளீச் ஊற்றக் கூடாது, அதிலிருந்து நச்சு வாயு வரும்.

கழிவுநீரில் பீனால் அளவு கூடிவிட்டது

நமது சுற்றுச்சூழல் விதிகளில் ஆறு, ஏரியில் விடும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம், பொதுச் சாக்கடைக்கு 5 மில்லிகிராம் என்று வரம்பு. குடிநீர்த் தரத்தில் லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். இவ்வளவு கறாராக வைக்கக் காரணம் இருக்கிறது: குடிநீரில் குளோரின் சேர்க்கும்போது மிச்சமிருக்கும் பீனால் குளோரோபீனாலாக மாறி, மிக மிகக் குறைந்த அளவிலேயே வாயில் வைக்க முடியாத மருந்துச் சுவையைக் கொடுத்துவிடும். 1984 ஜனவரியில் பிரிட்டனில் டீ ஆற்றில் பீனால் கலந்தபோது ஏறக்குறைய 20 லட்சம் பேருக்கான குடிநீர் இப்படிக் கெட்டது.

அளவு கூடியிருந்தால் முதலில் வெளியேற்று வால்வை மூடி, நீரைத் தேக்கத் தொட்டிக்குத் திருப்புங்கள். பிறகு ரெசினிலிருந்து வடியும் நீர் எந்தத் தொட்டிக்குப் போகிறது என்று பாருங்கள், பெரும்பாலும் அதுதான். உயிரியல் சுத்திகரிப்புத் தொட்டியில் நுரை மாறி, சேறு கறுத்து, கிருமிகள் செத்திருந்தால் அடர்ந்த பீனால் ஒரே மூச்சில் வந்திருக்கிறது. கிருமிகள் பீனாலைத் தின்னக் கூடியவைதான், ஆனால் பழக்கப்பட்ட அளவுக்குள் மட்டும். தேக்கிய நீரைச் சிறுகச் சிறுகக் கலந்துவிடுங்கள், அவை மீண்டு வரும் வரை ரெசின் நீரைத் தனி டிரம்மில் பிடித்து வையுங்கள். வெளியே ஏற்கனவே போய்விட்டிருந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும், கீழ்ப்புறத்தில் அந்த ஓடையிலிருந்தோ கிணற்றிலிருந்தோ தண்ணீர் எடுக்கும் ஊராட்சிக்கும் அன்றே, அந்த மணி நேரத்திலேயே சொல்லுங்கள். அவர்கள் மோட்டாரை நிறுத்தி வைக்க அந்த நேரம் வேண்டும்.